மஞ்சள் நூல் கட்டிய வாண்டா

எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஆர்க்கிட் வளக்கறேன்னியே, எங்க?"

நான் கையை நீட்டுவேன். அவர்கள் என் கை போகும் திசையைப் பார்ப்பார்கள், அங்கே கம்பியில் தொங்கும் மரக்கட்டைகளைப் பார்ப்பார்கள், அதற்கும் பின்னால் இருக்கும் தண்ணீர் டேங்கைப் பார்ப்பார்கள். பிறகு மரியாதைக்கு, "ஓ, இன்னும் பூக்கலையா" என்பார்கள். பாதி நேரம் அது பூத்துத்தான் இருக்கும். வந்தவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்று நானும், "ஆமா, டைம் ஆகும்" என்று சொல்லிக் காபி குடிக்கக் கீழே கூட்டிப் போய்விடுவேன்.

அவர்கள் மேல் தப்பில்லை. ஆர்க்கிட் என்றால் தாம்பரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது கல்யாண மேடையிலும் மாப்பிள்ளை காரின் முகப்பிலும் ஒட்டியிருக்கும் அந்த ஊதாப் பூதான். நல்ல பூ. எப்போது பார்த்தாலும் இப்போதுதான் பார்லரிலிருந்து வந்த மாதிரி இருக்கும். என்னிடம் இருப்பவை அதன் தூரத்துச் சொந்தங்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பார்கள், ஆனால் போட்டோ எடுக்கும்போது கடைசி வரிசைக்குப் போகச் சொல்வார்கள், அந்த மாதிரிச் சொந்தங்கள்.

அகாம்பே என்று ஒன்று இருக்கிறது. இலைகள் பழைய பெல்ட்டைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கியது போல. பூ சுண்டு விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது, மஞ்சளில் பழுப்புக் கோடு. அதுவும் முழுசாகத் திறக்காது. வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியும், ஆனால் கையைத் தூக்கலாமா என்று யோசிக்கிற பையன் மாதிரி பாதியில் நிற்கும். தரையில் வளரும் யூலோஃபியா ஒன்று தொட்டியில் இருக்கிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது கோரைப்புல். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு உதவி செய்கிறேன் என்று மாடிக்கு வந்து, களை பிடுங்கும் உற்சாகத்தில் அதன் தலைமுடியைப் பிடித்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. அப்போதிலிருந்து அப்பா மாடியில் எதையும் கேட்காமல் தொடுவதில்லை, கொடியில் காயும் தன் பனியன் உட்பட.

சென்னையில் ஆர்க்கிட் வளர்க்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நானும் அதில் இருக்கிறேன். அங்கே தட்டு அகலத்துக்கு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும் கலப்பினங்களுக்குத்தான் ராஜ மரியாதை. பெங்களூரிலிருந்து பெட்டியில் வரும், படுக்கையறையில் ஏ.சி. போட்டு வைப்பார்கள், வீட்டுக்காரர் ஹாலில் ஃபேனுக்கடியில் படுத்துக்கொள்வார். கத்திரி வெயில் தொடங்கியதும் அதே குழுவில் வரிசையாக இரங்கல் செய்திகள் வரும். என் செடிகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அவை இந்த ஊர் வெயிலிலேயே பிறந்தவை. இதைப் பெருமையாகச் சொல்லி, ஒரு நாள் என்னிடம் இருக்கும் வாண்டா என்ற ஆர்க்கிட்டின் படத்தைப் போட்டேன். பழுப்பும் பச்சையும் கலந்து கட்டம் கட்டமாகக் கோடு போட்ட இதழ்கள், நடுவில் மட்டும் நீலமும் ஊதாவுமாக ஒரு நாக்கு. ஒருவர் கட்டை விரல் காட்டினார். இன்னொருவர், "சீக்கிரம் குணமாகட்டும்" என்று எழுதினார். அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டார் என்பதுதான் என்னைக் குத்தியது.

அந்த வாண்டா என் கைக்கு வந்தது ஒரு புயலில். எங்கள் தெரு முனையிலிருந்த பெரிய தூங்குமூஞ்சி மரம் விழுந்து, ஆட்கள் ரம்பத்தோடு வந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். உச்சிக் கிளை ஒன்றில் காக்கா கூடு மாதிரி ஒரு கொத்து. கிட்டப் போய்ப் பார்த்தேன். தடித்த வேர்கள், வார் மாதிரி இலைகள். என் படிப்பு தாவரவியல் இல்லை, இயந்திரவியல். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் உதிரி பாகங்களின் தரம் பார்க்கிற வேலை. ஆனால் அப்போதே எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது, பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அண்ணா, அந்தச் செடியை நான் எடுத்துக்கட்டுமா?"

ரம்பம் பிடித்தவர் என்னையும் கொத்தையும் பார்த்தார். "இன்னாமா இது, புல்லுருவி. இத்த எடுத்துகினு போய் இன்னா பண்ணுவ?"

"புல்லுருவி இல்லண்ணா. மரத்துல சும்மா உக்காந்திருக்கும், அவ்ளோதான். மரத்துகிட்டேருந்து ஒண்ணும் எடுத்துக்காது."

"வாடகை குடுக்காம குந்திகினு கீதுன்ற." பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "உன் மச்சான் மாரி." ஆனால் கிளையை ஒட்டிப் பட்டையோடு பதமாக அறுத்துக் கொடுத்தார்.

அந்தக் கட்டையோடு அது என் மாடிக்கு வந்தது, பிழைத்தது, அடுத்த கோடையில் பூத்தது. மாலையில் கிட்டப் போனால் திராட்சை ஜூஸ் வாசனை. அப்போதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. எனக்கு ஒரு காய் வேண்டும்.

ஏன் காய் என்று சொல்ல வேண்டும். இந்தச் செடியை யாரும் விற்பதில்லை. நர்சரியில் கேட்டால், "அது யார் வாங்குவா மேடம்" என்று ஊதாப் பூவைக் காட்டுவார்கள். காட்டில் போய்ப் பிடுங்கி வருவது எனக்குப் பிடிக்காது, அது திருட்டுதான். அடுத்த புயலில் அடுத்த மரம் விழட்டும் என்று காத்திருப்பது இன்னும் மோசம். ஆக, என் மாடியில் ஒரு வாண்டா இரண்டாக வேண்டும் என்றால் இது காய்க்க வேண்டும். ஒரே காய்க்குள் தூசி மாதிரி எண்ண முடியாத விதை இருக்கும். அதில் எத்தனை முளைக்கும் என்பது வேறு விஷயம். முதலில் காய்.

வண்டு வந்து செய்ய வேண்டிய வேலையை நானே செய்தேன். பல்குத்தும் குச்சியால் பூவின் மகரந்தத்தை எடுத்து அதே பூவின் நடுக்குழியில் வைத்தேன். பூ நாலு நாளில் வாடி உதிர்ந்தது. அடுத்த வருஷமும் அதே கதை. விசாரித்ததில் புரிந்தது: இந்த வாண்டாவுக்குத் தன் மகரந்தம் ஆகாது. வேறொரு வாண்டா வேண்டும். அதுவும் அதே சமயம் பூத்திருக்க வேண்டும்.

இந்தச் செய்தியை நான் வீட்டில் சொன்ன நேரம் சரியில்லை. அம்மா அப்போது எனக்கு வரன் பார்க்கும் வேலையில் மும்முரமாக இருந்தார். மேட்ரிமோனி தளத்தில் என் படம் போட்டு, அதில் "செடி வளர்ப்பதில் ஆர்வம்" என்று எழுதலாமா, அது சம்பந்தத்துக்கு உதவுமா, கெடுக்குமா என்று அப்பாவோடு விவாதம்.

"நான் இவளுக்குத் தேடறேன், இவ செடிக்குத் தேடறா" என்றார் அம்மா.

"யாருக்கு முதல்ல அமையுதுன்னு பாப்போம்" என்றார் அப்பா. அவர் எந்தப் பக்கம் என்று என்றைக்குமே சொல்ல முடியாது.

தேடுவது பெரிய வேலையாக இல்லை. கம்பெனி பஸ் தினமும் முடிச்சூர், படப்பை வழியாகத்தான் போகும். எல்லோரும் போனைப் பார்ப்பார்கள், நான் மரத்தைப் பார்ப்பேன். நூறு காக்கா கூடுகளைப் பார்த்து ஏமாந்த பிறகு, படப்பைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வீட்டு வாசல் மாமரத்தில் ஒரு கூட்டிலிருந்து பூக்கொத்து நீட்டிக்கொண்டிருந்தது. பஸ் நிற்கவில்லை. அன்று பகல் முழுக்க நான் பார்த்த உதிரி பாகங்களின் தரத்தை நானே நம்பமாட்டேன்.

சனிக்கிழமை நேராக அங்கே போய் இறங்கினேன். ரோட்டோரம் நின்று மரத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. நைட்டியின் மேல் துண்டு போட்ட ஒரு அக்கா. வாசல் நிலையில் பைபிள் வசனம் ஒட்டிய வீடு.

"இன்னாமா போட்டோ புடிக்கிற? ரோடு அளக்க வந்தியா?"

"இல்லக்கா."

"போன மாசங்கூட ரெண்டு பேரு டேப்பு எடுத்துகினு வந்தானுங்கோ. அளந்தானுங்கோ, ஒண்ணும் சொல்லாம பூட்டானுங்கோ. நீ எந்த ஆபீஸு?"

"ஆபீஸ் இல்லக்கா. உங்க மரத்துல ஒரு பூ இருக்கு, அதுக்காக வந்தேன்."

"மாம்பூவா? அது எப்பவோ காயாகி ஊறுகாயே போட்டாச்சு."

மேலே காட்டினேன். அவர் கண்ணுக்குக் கையை மறைப்பு வைத்துப் பார்த்தார். எத்தனையோ வருஷமாகத் தன் தலைக்கு மேல் பூத்த பூவை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. "அதுவா. அது இன்னா, காஞ்ச பூ?"

"காயலக்கா. கலரே அப்படித்தான். ஆர்க்கிட்."

"ஸ்டேஜுல வெப்பாங்களே, ஊதா கலரு?"

"அதோட சொந்தம்."

"கொஞ்சம் ஏழப்பட்ட சொந்தம் போல" என்றார் அக்கா, இரக்கத்தோடு.

எனக்கு அந்தப் பூவின் மகரந்தம் ஏன் வேண்டும் என்று விளக்கினேன். வேகமாகப் பேசுவது என் வழக்கம், ஆர்க்கிட் என்றால் இன்னும் வேகம். அவர் பொறுமையாகக் கேட்டு, முடிந்ததும் ஒரே வரியில் சுருக்கினார். "மாப்ள கேட்டு வந்துகீற."

"அப்படித்தான்க்கா."

"பொண்ணு எந்த ஊரு?"

"தாம்பரம்."

"கிட்டதான். ஜாதகம் கீதகம் கேக்காத, எங்க வூட்ல அதெல்லாம் பாக்கமாட்டோம். ஜெபம் பண்ணி அனுப்பி வுடுவோம்." உள்ளே போய் மாங்காய் பறிக்கும் தொரட்டியையும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றையும் எடுத்து வந்தார். நாற்காலியில் நான் ஏறினேன், அதன் காலை அவர் பிடித்துக்கொண்டார், தொரட்டியால் இழுத்ததும் கொத்தின் நுனி வளைந்து கைக்கு வந்தது. ஒரு பூவை மட்டும் கிள்ளினேன்.

"ஒண்ணு போதுமா? நெறய கீதே, எடுத்துகினு போ."

"போதும்க்கா. மீதி மரத்துலயே இருக்கட்டும், வண்டு வரும்."

நான் கொண்டுபோன டப்பாவில் பஞ்சு விரித்துப் பூவை வைத்தபோது, அக்கா உண்மையாகவே கண்ணை மூடி டப்பாவின் மேல் கையை வைத்து ஏதோ முணுமுணுத்தார். கண்ணைத் திறந்து, "பொறந்தா எனுக்கு ஒண்ணு குடுக்கணும், ஆமா" என்றார். கொடுப்பதாகச் சொன்னேன். திரும்பும் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் டப்பாவைத் தலைக்கு மேலேயும் பிடித்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் அதில் பாம்பு இருக்கிறதோ என்று ஒரு தரம் கேட்டார்.

வெயில் தாழ்ந்ததும் வேலையைத் தொடங்கினேன். வாண்டாவின் மகரந்தம் தூள் இல்லை, கடுகளவில் மஞ்சளாக ஒட்டிய இரண்டு உருண்டைகள். அதைப் பிரித்து என் செடியின் மூன்று பூக்களில் வைத்தேன். அப்பா கைகளைப் பின்னால் கட்டியபடி, தொடாமல், அருகில் நின்றார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாப்பிட்டாங்களா?"

"அப்பா, மூச்சு விடாதீங்க. உருண்டை விழுந்துடும்."

எந்தப் பூக்களில் வைத்தேன் என்று அடையாளம் வேண்டும். கீழே போய்க் கைக்கு அகப்பட்ட நூலை எடுத்து வந்து மூன்று பூக்களின் காம்பிலும் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டேன். கைக்கு அகப்பட்டது பூஜை அலமாரியில் இருந்த மஞ்சள் நூல். பச்சைச் செடியில் மஞ்சள் நன்றாகத் தெரியும் என்பதைத் தவிர அப்போது என் மூளையில் வேறு எதுவும் இல்லை. இந்த ஊரில், இந்த வயதில், கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில், ஒரு பெண் மஞ்சள் நூலை எடுத்துக்கொண்டு போய் ஒரு செடியில் முடிச்சுப் போட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரு முழுக்கத் தெரியும், எனக்கு மட்டும் உறைக்கவில்லை. அம்மன் கோயில் வேப்ப மரத்தில் கிளை தெரியாமல் அந்த நூல்தானே தொங்குகிறது.

ஞாயிறு காலை மாடிக்குப் போனேன். மூன்று முடிச்சில் இரண்டுதான் இருந்தன. இருப்பதிலேயே பெரிய பூ, மகரந்தம் மிக நன்றாகப் பிடித்திருந்த பூ, காம்போடு காணோம். அணில் என்று நினைத்தேன். காக்கா என்று நினைத்தேன். கீழே இறங்கினேன். அம்மா பட்டுப்புடவையில், நெற்றியில் குங்குமத்தோடு, கையில் தேங்காய் மூடியோடு அப்போதுதான் உள்ளே வந்தார். என்னைப் பார்த்த பார்வையில் அப்படியொரு கனிவு.

"அம்மா, மாடியில ஒரு பூ..."

"சாமி பாதத்துல வெச்சு உன் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டேன்." விபூதியை என் நெற்றியில் இட்டார். "நீ நூல் கட்டினதை மாடிப்படியிலேருந்து பாத்தேன். மனசு நெறஞ்சு போச்சுடி. வாய்விட்டுச் சொல்ல வெக்கம், அதான் கட்டியிருக்கான்னு நெனச்சேன். வேண்டிக்கிட்ட செடியில பூத்ததை சாமிக்குக் குடுக்காம வெச்சிருக்கலாமா?"

"அம்மா, அது வேண்டுதல் இல்ல. அடையாளத்துக்குக் கட்டினேன்."

"எல்லாரும் அடையாளத்துக்குத்தான் கட்டறாங்க."

மகரந்தம், காய், படப்பை, நாற்காலி, ஜெபம் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அம்மா கேட்கக் கேட்க உட்கார்ந்தார். முகம் சின்னதாகிப்போனது. "அர்ச்சகர்கூட கேட்டார், என்னம்மா வாடின பூவைக் கொண்டுவந்திருக்கீங்கன்னு. வாடலை சாமி, புதுசு, கலரே அப்படித்தான்னு சண்டை போட்டுட்டு வந்தேன்."

அதற்கப்புறம் நான் எப்படிக் கோபமாக இருப்பது. அந்தப் பூவுக்காக என்னைத் தவிர இன்னொருவர் சண்டை போட்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் ஒரு விஷயத்தில் அம்மா இறங்கி வரவில்லை. மீதி இரண்டு முடிச்சுகளையும் அவிழ்த்துவிட்டு வெள்ளை நூல் கட்டுகிறேன் என்றேன். கூடாதாம். எதற்காகக் கட்டினாலும் கட்டியது மஞ்சள் நூல், கட்டினது கட்டினதுதான், நிறைவேறும் வரை அவிழ்க்கக் கூடாது.

"எது நிறைவேறணும்மா? காயா, கல்யாணமா?"

"உனக்கு எது வேணுமோ அது. நூலுக்குத் தெரியும்."

அடுத்த வாரம் மீதி இரண்டில் ஒன்று மஞ்சளாகி உதிர்ந்தது. கடைசியாக நின்ற ஒன்று, பூ வாடியும் காம்பு வாடவில்லை. பச்சையாகவே நின்றது, பிறகு மெதுவாகப் பருத்தது. வாண்டாவில் பூவுக்குப் பின்னால் இருக்கும் காம்புதான் காயாகிறது. ஒரு நாள் அது என் பேனா தடிமனுக்கு வந்ததும் எனக்குச் சந்தேகம் போனது. காய். ஒரே ஒரு காய். அது முற்றி வெடிக்க இன்னும் பல மாதம் ஆகும், அதுவரை விழாமல் இருக்க வேண்டும்.

அம்மா காவலுக்கு வந்துவிட்டார். அதுவரை மாடியில் வடாம் காயப் போடுவதைத் தவிர அவருக்கு வேலை இருந்ததில்லை. இப்போது குளித்துவிட்டுத்தான் அதற்குத் தண்ணீர் தெளிப்பார், நான் காலையில் குளிக்காமல் பல் துலக்கிக்கொண்டே போனால் திட்டுவார். அணில் வந்தால் கை தட்டுவார். மற்ற செடிகளையும் அப்படியே கவனிக்கத் தொடங்கினார். அகாம்பே பூத்தபோது, "இது ஏன்டி இவ்ளோ கூச்சப்படுது" என்று அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றார். குழுவில் இருக்கும் எவரும் என் அகாம்பேயை அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

செய்தி கீழ்வீட்டுக்கும் போனது. கீழ்வீட்டு அக்காவின் மகனுக்கு விசா இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் கையில் மஞ்சள் நூலோடு மாடியேறி வந்துவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கட்டிக்கட்டுமா? உங்க செடி ரொம்ப பவர்னு அம்மா சொன்னாங்க."

"அக்கா, இது சாமி செடி இல்ல. இதுக்குத் தன் காயைக் காப்பாத்திக்கவே பவர் பத்தலை."

அம்மா குறுக்கே வந்தார். கடைசியில் ஒரு சமரசம். செடியில் கட்டக் கூடாது, வேரில் கூடாது, கட்டையில் கூடாது, கட்டை தொங்கும் கம்பியில் கட்டிக்கொள்ளலாம். ஆடி மாதம் முடிவதற்குள் அந்தக் கம்பியில் நாலைந்து நூல். அப்பா கூட ஒன்று கட்டினார் என்று எனக்குச் சந்தேகம். கேட்டால், "மின்சார ரயில்ல உக்கார இடம் கிடைக்கணும்னு" என்றார்.

காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசி மழையைத் தாங்கியது. வரிசையாகப் பள்ளம் விழுந்து, கரும்பச்சையாக, நுனியில் காய்ந்த பூவின் மிச்சத்தோடு நின்றது. அப்புறம் கார்த்திகையில் புயல் அறிவிப்பு வந்தது. தெருவில் கார் வைத்திருப்பவர்கள் காரைக் கொண்டுபோய்ப் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் கார் இல்லை. எங்களுக்கு அந்தக் கட்டையை எங்கே நிறுத்துவது என்பதுதான் கவலை. மாடியில் செடிகளுக்கு மேல் கட்டிய நிழல் வலை ஏற்கெனவே படபடத்துக்கொண்டிருந்தது. ஹாலில் திரை அடித்துக் காயை ஒடித்துவிடும். பால்கனியில் காற்று. சமையலறையில் அடுப்பு.

"பூஜை ரூம்ல மாட்டு" என்றார் அம்மா. "விளக்குத் தொங்க ஒரு கொக்கி இருக்கு பார்."

நான் வேரோடும் பாசியோடும் எறும்போடும் இருந்த கட்டையைப் பார்த்தேன். செருப்புக் காலோடு அந்த அறையின் பக்கம் போனாலே என்னைக் கொல்லுகிறவர். "எறும்பு இருக்கும்மா."

"அதுவும் கும்புட்டுட்டுப் போகட்டும்."

புயல் வந்தது, இரண்டு தெரு தள்ளித் தண்ணீர் ஏறியது, கரண்ட் போய் வந்தது, வானம் வெளுத்தது. கட்டையைத் திரும்ப மாடிக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லிச் சொல்லி நான் தள்ளிப் போட்டேன், வலையை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலை என்றால் பூஜை அறை துடைப்பது. படங்கள், விளக்கு, தரை, எதுவும் மிஞ்சாது. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட அம்மா அதை விட்டதில்லை. ஈரத்துணி பிழியும் சத்தம் கேட்டால்தான் எனக்கு அன்று வெள்ளி என்றே தெரியும். அன்று வாளி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"இங்க வாயேன்" என்றார் அம்மா. குரல் தாழ்ந்திருந்தது. "மெதுவா வா. முந்தானை வீசாம வா."

நான் சுடிதாரில் இருந்தேன், முந்தானை இல்லை. ஆனாலும் எதையோ பிடித்துக்கொண்டு போனேன்.

காய் வெடித்திருந்தது. பக்கவாட்டில் கோடு கோடாகப் பிளந்து, உள்ளிருந்து பஞ்சு மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் கீழே, முருகன் படத்தின் சட்டத்தில், அம்மன் படத்தின் சட்டத்தில், விளக்கின் தட்டில், குங்குமச் சிமிழின் மூடியில், தரையில், எங்கும் வெளிர்மஞ்சள் தூசி. வேறு எந்த வீட்டிலும், வேறு எந்த வெள்ளியிலும், அது ஒரே துடைப்பில் வாளித் தண்ணீருக்குள் போயிருக்கும்.

அம்மா கையில் பிழிந்த துணி. அதைத் தொட்டுவிடாமல் இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

"இதானா?" என்றார்.

"இதாம்மா."

"தூசின்னு நெனச்சேன். துணியை வெக்கப் போனேன். அப்புறம், நேத்து சாயந்திரம் விளக்கேத்தறப்ப இவ்ளோ தூசி இல்லையேன்னு மேல பாத்தேன்."

நான் மண்டியிட்டு, தரையில் கிடந்த தூசியைக் கிட்டக் குனிந்து பார்த்தேன். அம்மா பயந்துபோனார். "என்னடி, கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. எல்லாமே இருக்கு."

அலமாரியிலிருந்து காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷையும் வெள்ளைக் காகிதத்தையும் எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தேன். முதலில் காய்க்குள் மிச்சம் இருந்ததை ஒரு காகிதத்தில் தட்டி மடித்தேன். அது படப்பை மாமரத்தின் பட்டைக்கும், என் கட்டைகளுக்கும். பிறகு முருகனிடமிருந்து தொடங்கினேன். சட்டத்தின் விளிம்பில் பிரஷ்ஷை மெதுவாக இழுத்தால் மஞ்சளாக ஒரு கோடு சேரும், அதைக் காகிதத்தில் விடுவேன். அம்மா துணியைத் தூரப் போட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக் காயவைத்து, எதிரில் உட்கார்ந்து இன்னொரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல எவ்ளோ முளைக்கும்?"

"தெரியாதும்மா. மரத்துல ஒரு பூஞ்சை இருக்கணும், அது கூட சேந்தாத்தான் முளைக்கும். ஒண்ணு முளைக்கலாம். ஒண்ணுமே முளைக்காமலும் போகலாம்."

"இவ்ளோவுலயும் ஒண்ணா?"

"முளைச்சா, பூக்க இன்னும் பல வருஷம் ஆகும்."

அம்மா காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வரன்களின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும்போது என்னைப் பார்க்கும் அதே பார்வை. "இதுக்குப் பொறுமை இருக்கு உனக்கு" என்றார். பிறகு, "அந்த சிமிழ் மூடியை விட்டுட்டியே, அதுல நெறய இருக்கு" என்று விரலால் காட்டினார்.

கம்பெனி பஸ் போயிருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. அப்பா குளித்து முடித்து, இன்னும் விளக்கேற்றவில்லையா என்று கேட்டுக்கொண்டே வாசலில் வந்து நின்றார். துடைக்காத பூஜை அறையில் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்தார். இருட்டாக இருக்கிறதே என்று சுவரில் கை வைத்தார். அங்கே லைட் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஃபேன் சுவிட்சும் இருக்கிறது, அப்பாவுக்கு எது எது என்று இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தெரியாது.

"கையை எடுங்க" என்றோம் இரண்டு பேரும்.

எடுத்தார். "சரி, சரி" என்று குனிந்து பார்த்தவருக்கு மூக்கு சுருங்கியது. அவருக்குத் தூசி ஆகாது. அம்மாவுக்கு அது எனக்கு முன்னால் தெரிந்துவிட்டது.

"இங்க தும்மாதீங்க. பால்கனிக்குப் போங்க."

அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஹாலைத் தாண்டி ஓடினார். நாங்கள் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி, மூச்சை அடக்கிக் காத்திருந்தோம். பால்கனிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, அதன் பின்னால் ஒரு பெரிய தும்மல், அப்புறம் இன்னொன்று.

"ரெட்டைத் தும்மல்" என்றார் அம்மா. "நல்லதுதான். நீ அந்த ஓரத்தைக் கூட்டு."